ஸ்டீரிங் பூஜையில் இருக்கிறது

வலது பக்கக் கண்ணாடி கழன்றுவிட்டது. அடுத்தது வைப்பர். வைத்தீஸ்வரன் இரண்டு திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஸ்பானரை அரைச் சுற்றுத் திருப்புகிறார். மாலை ஆறு மணி. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, ஒரு கிழவர் எல்லார் கண்ணெதிரிலும் ஜீப்பைப் பிரித்துத் திருடுகிறாரே என்று பதறி வாட்ச்மேனைக் கூப்பிடுவதுண்டு. வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே இல்லை. "உன்கீ ஹீ காடி ஹை" என்பார். அவருடைய வண்டிதான்.

அறுபத்து நாலாம் வருஷத்து வில்லிஸ் ஜீப். வைத்தீஸ்வரன் முப்பத்திரண்டு வருஷம் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கம்பெனி இந்த ஜீப்பை ஏலத்தில் விட்டபோது, "இது வேற எவன் கையிலயாவது போனா எனக்குச் சோறு எறங்காது" என்று தானே எடுத்துக்கொண்டார். வீட்டு வாசலுக்கு வந்த மூன்றாம் வாரமே கண்ணாடி திருட்டுப் போயிற்று. பழைய இரும்புச் சந்தையில் நாலு நாள் அலைந்து அதே கண்ணாடியைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் அவர் கையெழுத்திலேயே தேதி போட்டிருந்தது. தன் சாமானைத் தானே விலைக்கு வாங்கினவனுக்கு வரும் வைராக்கியம் சாதாரணமானதல்ல. அன்றிலிருந்துதான் இந்தக் கழற்றல்.

கண்ணாடி, வைப்பர், ஹெட்லைட், ஸ்டெப்னி, சீட்டு, பேட்டரி, கடைசியாக ஸ்டீரிங். ஒவ்வொன்றுக்கும் அட்டைச் சீட்டு எழுதி நூலால் கட்டுவார். மூன்றாம் மாடிக்கு நாலு நடை. லிஃப்ட் கிடையாது. கழற்ற முக்கால் மணி, மாட்ட ஒண்ணேகால் மணி. பேத்தி பிறந்த அன்று மகளை ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன் என்று அடம்பிடித்தார். அவர் இடது ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி அம்மு ஆட்டோ பிடித்து மகளோடு போய்விட்டாள். அவர் ஜீப்போடு போய்ச் சேர்ந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியாகிவிட்டது. அம்மு அதை இன்றுவரை மறக்கவில்லை, அவரை மறக்கவும் விடவில்லை.

ஒரே ஒரு சாமான் மாடிக்குப் போவதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் கட்டைவிரல் பருமன் ரோட்டர். அது இல்லாவிட்டால் பொறி வராது, வண்டி கிளம்பாது. அது அவருடைய சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டோடு இருக்கும். "ஒவ்வொரு வண்டிக்கும் உசிர் எங்கயோ ஒரு எடத்துல இருக்கும். அது நெஞ்சுக்கிட்ட இருக்கணும்" என்பார்.

ராத்திரி பகல் காவல் காத்தும் வினை வேறு ரூபத்தில் வந்தது. இப்படித் தினமும் உரித்துப்போட்ட ஜீப் எப்படி இருக்கும்? முனிசிபாலிட்டிக்காரர்கள் ஒருநாள் மட்கார்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். கேட்பாரற்ற வண்டி, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அகற்றாவிட்டால் உடைசலுக்குப் போகும் என்று மராத்தியில் எழுதியிருந்தது.

"கேட்பாரத்ததா? நான் கேக்காத நாள் உண்டா?" என்றார் வைத்தீஸ்வரன். வேறு யாராக இருந்தாலும் சாமான்களை மாட்டி, வண்டியை ஓட்டிக்காட்டியிருப்பார்கள். இவர், கேட்பாரற்றது என்பதற்கு விளக்கம் கேட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். கிடங்கு புத்தி!

பதில் வரவில்லை, நவராத்திரி வந்தது. பூர்விகம் பாலக்காடு. அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களோடு ஆயுதங்களையும் பூஜைக்கு வைத்தால் தசமி காலையில்தான் எடுக்கவேண்டும். ஜீப்பின் சாமான் பூராவும் கொலுப்படிக்குக் கீழே சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்தது. ஸ்டீரிங் பிள்ளையாருக்குப் பின்னால் திருவாசியாக நின்றது, அம்முவின் யோசனை. ரோட்டரை மட்டும் அவர் தரவில்லை.

"சரஸ்வதியையும் நம்பலையா நீங்க?"

"அவளுக்கு நாலு கையிலயும் சாமான் இருக்கு. இதை எங்க வெச்சுப்பா?"

நவமி காலை பத்து மணிக்கு கிரேன் வண்டி வந்து நின்றது. டிரைவர், கூட ஒரு ஆள், ரிஜிஸ்தரோடு சாவந்த் என்ற அதிகாரி. வைத்தீஸ்வரன் துணிப்பையில் ஸ்பானரோடு படியிறங்கி வருவதற்குள் ஜீப்பின் பம்பரில் கொக்கி மாட்டியாயிற்று.

"காகா, இது வண்டியா? ஸ்டேரிங் கஹாங் ஹை?" ஸ்டீரிங் எங்கே என்று கேட்டார் சாவந்த்.

"பூஜா மே."

"சீட்?"

"பூஜா மே."

"பேட்டரி?"

வைத்தீஸ்வரன் மூன்றாம் மாடியைக் காட்டினார். அங்கே பால்கனியில் அம்மு.

"அம்மு, ஸ்டீரிங்கையும் பேட்டரியையும் மட்டும் எடுத்துக் குடுடீ!"

"நன்னாருக்கே! பூஜை எடுப்பு நாளைக்கு. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடப்படாது."

"வண்டியையே தூக்கிண்டு போறாண்டி!"

"போகட்டும். சாமான் எல்லாம் நம்மாத்துலதானே பத்திரமா இருக்கு?"

இத்தனை வருஷம் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவருக்கு ஒப்பித்துவிட்டாள். கொக்கியைப் பார்த்தார், கண் கலங்கியது.

அம்முவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "கேட்டேளா, அவாளை மேல வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்கோ. சுண்டலும் ஆயாச்சு" என்றாள்.

நவமி அன்று பூஜை என்றால் எந்த மராத்திக்காரரும் மறுக்கமாட்டார். மூன்று பேரும் மேலே போனார்கள். வைத்தீஸ்வரன் போகவில்லை. ஜீப்பைத் தனியாக விட்டுவிட்டுப் போவதாவது! ஆளில்லாமல் தெருவில் நின்ற கிரேன் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு கண்ணாடிகளும் வெயிலில் பளபளத்தன. தெருவில் ஒரு பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியோடு போனான். வைத்தீஸ்வரனுக்குக் கை துறுதுறுத்தது.

இருபது நிமிஷம் கழித்து சாவந்த் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். சாமான் எல்லாம் பார்த்தேன், கும்பிட்டும் கொண்டேன், ஆனாலும் காகிதம் என்று ஒன்று இருக்கிறதே, இந்த வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நான் எதை வைத்து எழுத, என்று ஹிந்தியில் இழுத்தார். அதற்குள் டிரைவர், திருட்டு, திருட்டு என்று அலறினான்.

"சாப்! சோரி! மிர்ரர் கயா! வைப்பர் பீ கயா!"

வைத்தீஸ்வரன் ஜீப்புக்குள்ளிருந்து துணிப்பையை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிகளையும் வைப்பர்களையும் ஒவ்வொன்றாக டிரைவர் கையில் கொடுத்தார். "ஐசா குலா சோட்கே ஜாதே ஹை க்யா? கோயீ லே ஜாயேகா!" அவருக்கு உண்மையாகவே கோபம். இப்படித் திறந்து போட்டுவிட்டா போவார்கள், எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடமாட்டானா? ஒவ்வொன்றிலும் அட்டைச் சீட்டு தொங்கியது.

சாவந்த் ஒரு சீட்டைத் திருப்பிப் படித்தார். 'கிரேன். கண்ணாடி, வலது. காலை 10.25. அடித் திருகாணி துரு, மாற்றவும்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே ரிஜிஸ்தரில் இரண்டு வரி எழுதினார். பிறகு குனிந்து மட்கார்டிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக உரித்தார். கொக்கியை எடுக்கச் சொன்னார். தசரா கழிந்து வருவேன், எஞ்சினைக் கிளப்பிக் காட்டவேண்டும் என்றார். வைத்தீஸ்வரன் தலையை ஆட்டினார்.

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடிகளையும் வைப்பர்களையும் மாட்டி வண்டியைக் கிளப்பினான். பத்தடி போயிருக்கும்.

"ருக்கோ, ருக்கோ!"

வைத்தீஸ்வரன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, ரோட்டருக்குப் பக்கத்திலிருந்து கிரேனின் டீசல் டாங்க் மூடியை எடுத்தார். அதைத் தன் சட்டை நுனியால் துடைத்து, டாங்க்கில் வைத்துத் திருகி, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.