டிரம்முக்குள் தொங்கிய வால்கள்

போன மாதம் அண்ணன் காரியம் முடிந்த மறுநாள், கொசுப்புழு பார்க்கிறவர்கள் எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மைத் திறக்க வந்தார்கள். காய்ச்சலில் ஆள் செத்த வீடு, பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். "வூட்லயே வளத்துக்கினு கீறீங்க" என்றார் ஒருத்தர். நான் டிரம் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருபது வயதுப் பெண் அப்படி உட்காரக் கூடாதுதான். ஆனால் அது எனக்குப் பழக்கமான இடம்.

முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி வரும். அம்மா சண்டை போட்டுப் பிடித்து, குடம் குடமாகச் சுமந்து அந்த நீல டிரம்மை நிரப்புவாள். புழு இருந்தால், சோதிக்க வரும் மாநகராட்சி அக்கா டிரம்மைக் கவிழ்த்துவிடுவாள். பக்கத்து வீட்டு டிரம்மை அன்று காலையில்தான் கவிழ்த்திருந்தாள். எங்கள் டிரம்மிலும் புழு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எதையும் பார்க்காத அண்ணன், அந்தப் புழுக்களை மட்டும் மணிக்கணக்கில் பார்ப்பான். அவற்றின் வயிறு மணி கோத்தது போலக் கணுக்கணுவாக இருக்கும். வால் முனையில் சின்னதாக ஒரு குழாய். அதைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும்.

"மூக்கு பின்னால கீது பாரு" என்றான். "தட்னா அடிக்கு ஓடிடும். மூச்சு முட்னா மேல வந்துதான் ஆவணும். நூறு எண்றதுக்குள்ள அக்காவ அனுப்பிடணும்."

மூடிமேல் உட்கார்ந்திருந்து, அக்கா வந்ததும் குதிகாலால் டிரம்மை உதைத்துவிட்டு இறங்குவது என் வேலை. உதைத்தேன். துறைமுகத்திலிருந்து பறந்து வந்து மூடியில் படிந்திருந்த நிலக்கரித் தூள் பாவாடையின் பின்பக்கம் ஒட்ட இறங்கினேன். அக்கா டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை. நான் நாற்பது வரை எண்ணியிருப்பேன், விஷயம் தெரியாத அம்மா உள்ளேயிருந்து வந்து, "வெய்யில்ல வந்துகீற, குந்துமா, டீ குட்ச்சிட்டுப் போ" என்றாள்.

எண்பதில் மறுபடி உதைத்தேன்.

"இன்னாத்துக்குடி ஒதைக்கிற?" என்றாள் அக்கா.

"எங்க வூட்டு டிரம்மு, ஒதைப்பேன்."

அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு, டார்ச்சை அணைக்காமல் நின்றாள். ஒரு வால் மேலே வந்தது. பிறகு பத்து. அவள் டிரம்மைச் சாய்க்கப் போனாள். நான் காலை உதறி, மூடியைப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குடி. கலீஜ் தண்ணி அது."

"கவுத்தா நாளைக்கு நீ கொண்ணாந்து ஊத்துவியா? சொல்லு, எறங்குறேன்."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் இறங்கவில்லை. அக்கா, "துணில வடிகட்டி வைம்மா, நாளைக்கு வருவேன்" என்று, வந்து பார்த்ததற்கு அடையாளமாகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை. நாங்களும் வடிகட்டவில்லை. குடிக்கிற தண்ணீர் வேறு குடத்தில் இருந்தது, இது குளிக்கத்தானே என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் வந்தவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். லாரி இன்னும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. தினமும் தண்ணீர் வருகிற வீட்டில் எதற்கு டிரம்? இந்தத் தடவையும் நான் இறங்கவில்லை.

அந்த முதல் தடவை நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். இரண்டு மூன்று நாளில் டிரம்மில் புழுக்கள் காணாமல் போயின. "பயந்து ஓடிச்சுங்க" என்றான் அண்ணன். அந்த வாரம் சுவரெல்லாம் கொசு. வயிறு சிவந்து பருத்து, பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். அண்ணன் உள்ளங்கையால் அடிப்பான். சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒட்டும்.

"பாவம்ணா, அதுக்கும் நம்ம மாதிரியே ரத்தம்" என்றேன்.

அவனும் ஆமாம் என்றான்.