ஒரு நாளுக்கு ஒரு நாள்

சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில், தன் அடுக்குமாடியின் பின்முற்றத்தில் யோகராணி குந்தியிருந்து உருளைக்கிழங்கு கிண்டுகிறாள். கையில் பெரு நாட்டுக் குட்டை மண்வெட்டி. ஓர் இழுப்பு, ஒரு கிழங்கு, அதன் தோலில் ஒரு வெட்டு. "பெர்தோன்" என்று கிழங்கிடம் ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்கிறாள்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது அவள் வேலை. எங்கே ஒளிந்த நரம்பும் அவளைக் கண்டதும் தானாக எழுந்து வரும் என்று பேச்சு. அப்பேர்ப்பட்ட கைக்குக் கிழங்கு மட்டும் வசப்படவில்லை. ரப்பர் பட்டியை இறுக்கும்போது அவள் ஸ்பானிஷ் வினைச்சொற்களை முணுமுணுப்பாள். மந்திரம் என்று நினைத்துச் சிலர் பக்தியோடு கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

போன வருடம், ஐம்பத்து மூன்று வயதில், ஸ்பானிஷ் படிக்கவென்று பெருவின் மலைநகரமான கூஸ்கோவுக்குப் போனாள். வகுப்பில் மற்ற எல்லோரும் பிள்ளைகள் வயது. இவளுக்கா பயம்? "குசினிக்குக் கொசீனா, மேசைக்கு மேசா, சப்பாத்துக்குச் சபாத்தோ. அரைவாசிப் பாஷை எங்கட வீட்டிலயே கிடந்தது."

பாஷை படிந்தது, மலை படியவில்லை. தங்கியிருந்த வீட்டுக்காரி ஃபெலிசித்தாஸ் கிழங்கு அறுவடைக்கு அழைத்துப்போன அன்று, மூச்சு முட்டி வயலிலேயே விழுந்தாள். ஃபெலிசித்தாஸ் அறுவடையை அப்படியே போட்டுவிட்டு, பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து மூலிகைத் தேநீர் பருக்கினாள். மறுநாள் யோகராணி காசை நீட்ட, அது அவள் பைக்குள்ளேயே திரும்பி வந்தது. அந்த மலையில் உழைப்புக்கு உழைப்புதான் கைமாறு, ஐனி என்கிறார்கள். "என்ர ஒரு நாளை எடுத்தனி. உன்ர ஒரு நாளைக் கொண்டுவா எண்டவ," என்கிறாள் யோகராணி. தலைச்சுற்று நிற்பதற்குள் விமானத்துக்கு நாள் வந்துவிட்டது.

இந்த வருட அறுவடை அடுத்த மாதம்; அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். மலையை வெல்ல, அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஆறு மாடியும் ஏறி இறங்குகிறாள். லிஃப்ட் அவள் முகத்தையே மறந்துவிட்டது. கூடத்தில் பெட்டி இப்போதே வாயைப் பிளந்து கிடக்கிறது. மண்வெட்டியும் கூடப் போகும். வந்தபோது சிட்னி விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர், வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதென்று, அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவிக் கொடுத்தாராம்.

கணவர் மகேந்திரராஜாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நல்ல சீலையொண்டு அனுப்பிவிடுமன். ஒரு நாள் கிழங்கு கிண்டப் பசிபிக்கைத் தாண்டுறதே?"

"அவ சீலையே தந்தவ? நாளெல்லோ தந்தவ."

"சரி, போம். திரும்பவும் தலை சுத்தி விழுந்தீர் எண்டா? அந்த மனுசி இன்னொரு நாள் உமக்குப் பக்கத்தில குந்தியிருக்க வேணும். பிறகு ரெண்டு நாள் குடுக்கோணும்."

இத்தனை மாடி ஏறியும் இந்தக் கணக்கு யோகராணிக்குத் தோன்றியிருக்கவில்லை. மகேந்திரராஜா வென்றுவிட்ட நிம்மதியில் கதிரையில் சாய்ந்து தேநீரை எடுத்தார்.

அவள் பால்கனிக்குப் போனாள். அவருடைய தோட்டச் சப்பாத்துகளை எடுத்து, ஒன்றோடொன்று தட்டி, ஒட்டியிருந்த மண் முழுவதையும் உதிர்த்தாள். பிறகு கொண்டுவந்து, பெட்டிக்குள் மண்வெட்டிக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தாள்.