உறை கட்டிய கத்தரிப்பூ

காலை ஆறேகாலுக்கு மாடித்தோட்டக் குழுவில் செய்தி வந்தது. ஜஹபர் நிஷா இரவு மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவர் ஃபோனிலிருந்தே மகள் மஹீரா எழுதியிருந்தாள். சாரம் பகுதியில் தன் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அமலநாதன் குழாயை மூடினார். முதலில் வந்தது துக்கம் இல்லை. அந்த அம்மாவுக்கு இனித் தெரியவே போவதில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே உடம்பு கூசிப்போயிற்று.

மின்துறையில் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் தோட்டம் போடுகிறார். ரசாயனம் கிடையாது, கடை விதை கிடையாது. குழுவில் யாருக்கு நாட்டு விதை வேண்டுமென்றாலும் அமலநாதன் சார்தான். கடை விதை வாங்கியதாகச் சொன்ன குருசுக்குப்பம் கன்னியப்பனிடம், "அதுக்கு மார்க்கெட்லயே காய வாங்கிட்டுப் போயிடலாமே" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர்.

மூன்று வருஷத்துக்கு முன் அடைமழையில் அவருடைய கத்தரிச் செடிகள் அழுகின. எடுத்து வைத்திருந்த விதையும் பூஞ்சை பிடித்துவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நர்சரியில் ஹைப்ரிட் நாற்று வாங்கி வளர்த்து, காயைப் பழுக்கவிட்டு விதையெடுத்து, 'நாட்டுக் கத்தரி' என்று தன் கையால் எழுதி ஆறு பேருக்குக் கொடுத்தார். ஹைப்ரிட்டின் விதை தாய்ச்செடியைப் போல வராது என்பது அவருக்குத் தெரியும். ஐந்து பேர் காய்த்தவரை பறித்துச் சமைத்துவிட்டு மறந்துபோனார்கள். நிஷா தையல்காரர். ஒரு தையல் கோணினாலும் முழுக்கப் பிரித்துத் தைக்கிறவர். அவர் வீட்டில் முதல் முறை ஒரு செடிதான் தேறியது; அதிலிருந்து விதையெடுத்து மறுபடி போட்டார்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க மாதிரியா சார் இருக்கு? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு மட்டும் வெள்ளைக்காரி" என்று செடிகளைப் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினார்.

தேனீ வேறு கத்தரியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்திருக்கும், பூவுக்கு உறை கட்டாதது உங்கள் தப்பு என்றார் அமலநாதன். அடுத்த விதைப்புப் பட்டத்தில் நிஷா பழைய துப்பட்டாத் துணியில் விரல் நீளப் பைகள் தைத்து ஒவ்வொரு மொக்குக்கும் கட்டினார். அந்த விதையும் பல ஜாடையில்தான் வந்தது. நம் கைதான் சரியில்லை போலிருக்கிறது என்று சிரித்தார். அமலநாதன் மறுக்கவில்லை. விதை எடுக்கப் பொறுமை வேண்டும் என்று புத்தி வேறு சொன்னார். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் இது நெஞ்சுக்கு வரும். கத்தரி விதையெல்லாம் சாமியாரிடம் சொல்கிற விஷயமா என்று சொல்லாமலே எழுந்து வந்துவிடுவார்.

அடக்கத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்றார். நாலாம் நாள் நிஷா வீட்டுக்குப் போனபோது மஹீரா ஒரு விதைப் பொட்டலத்தோடு வந்தாள்.

"அம்மா இந்த வருஷமும் எடுத்து வச்சாங்க அங்கிள். தப்பு எங்கன்னு கண்டுபிடிக்காம வேற விதை வாங்க மாட்டேன்னாங்க. நான் போட்டுப் பாக்கட்டுமா? என் கையாவது சரியா இருக்கான்னு பாப்போம்."

அமலநாதன் பொட்டலத்தை வாங்கவில்லை.

"போடாதம்மா. அது நாட்டு விதையே இல்ல, கடை ஹைப்ரிட்டு. தெரிஞ்சேதான் குடுத்தேன். அம்மா கையில ஒரு கொறையும் இல்ல."

மஹீரா அவரைப் பார்க்காமல் பொட்டலத்தின் ஓரத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"இதச் சொல்ல அவங்க இருந்தப்ப மூணு வருஷம் இருந்துச்சே அங்கிள்."

அந்த வீட்டில் டீ குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்காதது அன்றுதான் முதல்முறை.

வீடு திரும்பியவர் மற்ற ஐந்து பேரையும் அழைக்க ஃபோனை எடுத்தார். குழுவில் ஒரே செய்தியாகப் போட்டுவிடலாம். போட்டால் யார் குரலையும் கேட்க வேண்டியிருக்காது. அதனாலேயே போடவில்லை. ஒருவர் அந்தக் கத்தரியே நினைவில்லை என்றார். இருவர் பாதியிலேயே ஃபோனை வைத்தார்கள். ஒருவர் வெகுநேரம் சிரித்தார். நாலு பேருக்குச் சொல்லியாயிற்று. குருசுக்குப்பம் கன்னியப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை.