மழைக்கு முன்னே நனைந்த தாள்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். கோவில் மண்டபத்தில் பலமுறை அப்படிப் போயிருக்கிறேன். செத்தவர் செத்தவர்தான். முப்பது வருடம் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நின்றவனுக்குக் காரணம் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று தெரியும். அதனால் இதை நான் எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது இதுதான்.

என் மனைவி கௌரி இருபது வருடமாக ஒன்றைத்தான் கேட்டாள். நோர்வேயில் ஹார்டாங்கர் பக்கம் போய் அருவிகளைப் பார்க்க வேண்டும். நாங்கள் இருப்பது டென்மார்க்கில், சில்க்போர்க். காரில் ஹிர்ட்சால்ஸ் துறைமுகம் போய்க் கப்பல் ஏறினால் மூன்றரை மணித்தியாலத்தில் நோர்வே. அவ்வளவு கிட்ட. ஆனால் விடுமுறை வந்தால் பாரிஸில் கலியாணம், லண்டனில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகிச் சாமத்தியவீடு, டொரோண்டோவில் இன்னொரு கலியாணம். எல்லா மண்டபத்திலும் அதே பிளாஸ்டிக் பூ, அதே சோறு. அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்.

“தண்ணி மேலயிருந்து கீழ விழுறதுதானே? அதுக்கு ஏன் நோர்வே? குளிக்கிற அறையில திறந்துவிட்டுப் பாரும்.”

அவள் சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் விட்டாள். கடைசியில் ‘வாற கோடைக்குக் கட்டாயம்’ என்று வாக்குக் கொடுத்தேன். கோடை வரும் முன்பே போய்விட்டாள். புற்றுநோய், நாலு மாதம்.

மகள் தாரணி அப்போது ஓல்போர்க்கில் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து டேனிஷில் ஒரே வசனம் சொன்னாள்: “நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்.” அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் வீட்டுக்கு வந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வருடம் முடிந்த ஆட்டத்திவசத்துக்கும் மட்டும்தான். போன் எடுத்தால் “ஓம்”, “இல்லை”. அவள் கோபம் நியாயம் என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இருந்தது ஒரு பிள்ளை. அதுவும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டத்திவசம் முடிந்த மறுநாள் சமையலறை லாச்சியை இழுத்துக் கரண்டி தேடும்போது அவள் ஒரு கொப்பியைக் கண்டெடுத்தாள். கௌரி எழுதிய பட்டியல். எந்த அருவி, எந்தப் பாதை, எங்கே கார் விடுவது என்று எல்லாம் தமிழில். தாரணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஒரு எழுத்தும் தெரியாது, அது எங்கள் பிழை. ஆனால் பக்கத்தின் தலையில் இருந்த பிள்ளையார் சுழியை அவளுக்குத் தெரியும். கௌரி அது போடாமல் கடைச் சாமான் துண்டுகூட எழுத மாட்டாள். ‘உ’ போட்டு, வாலை நீளமாக இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைப்பாள். மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியிலும் அதுதான். ‘ஏன் எல்லாவற்றிலும் இரண்டாம் இலக்கம் போட்டிருக்கிறது?’ என்று டீச்சர் ஒருமுறை கேட்டிருக்கிறார். கௌரி முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள், அங்கே எதை எழுதினாலும் திகதியும் நேரமும் போட வேண்டும், அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“நான் இந்த இடத்துக்குப் போகிறேன். வந்தால் வாருங்கள், வராவிட்டால் விடுங்கள்,” என்றாள் தாரணி, டேனிஷில்தான்.

போனேன். வழக்கமாகப் பெட்டி கட்டுவது கௌரி. இந்த முறை நான் கட்டினேன். ரைஸ் குக்கரைக் கொண்டுபோனேன், கருவாட்டுச் சம்பல் கொண்டுபோனேன், மழைச்சட்டையை மறந்துவிட்டேன். ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்கிற பக்கத்துக்குப் போகிறவன் செய்த வேலை. கப்பலில் பெட்டியைத் திறந்து மழைச்சட்டை இல்லாததைக் கண்டதும் தாரணி கேட்டாள்:

“அம்மா இருந்திருந்தால் மறந்திருப்பீர்களா?”

நான் பெட்டியின் சிப்பை இழுத்து மூடினேன்.

முதல் நாள் லோத்தெஃபொஸ் அருவி. இரண்டு அருவிகள் ஒன்றாக வந்து வீதிக்குப் பக்கத்திலேயே விழுகின்றன, காரின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்ப் புகை. உண்மையைச் சொல்கிறேன், குளிக்கிற அறை மாதிரி இல்லை. அதை நான் தாரணிக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பட்டியலில் இருந்தது ஒரு மலைப்பாதை. ஒன்றரை மணித்தியாலம் ஏறினால் கீழே மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டும் எதிரே அருவியும் தெரியும். நல்ல வெயில், வானத்தில் ஒரு முகில் இல்லை. தாரணி முன்னால் போனாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். வழியில் ஒருவரையும் காணவில்லை.

மேலே ஒரு கம்பத்தில் தகரப் பெட்டி இருந்தது. அந்த நாட்டில் மலையேறுகிறவர்கள் பெயர் எழுதுவதற்காக இப்படிப் பெட்டியில் கொப்பி வைப்பார்கள். தாரணி திறந்து கொப்பியை எடுத்தாள், கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்தாள். பிறகு அசையவில்லை.

“அப்பா,” என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். “இதைப் பாருங்கோ.”

பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. நீண்ட வால். கீழே இரண்டு புள்ளி.

எழுத்து நீலப் பேனா. பெட்டிக்குள் இருந்தது நூலில் கட்டிய பென்சில் மட்டும்தான். கௌரியின் கையெழுத்தை முப்பது வருடம் பார்த்தவன் நான். ‘ழ’வுக்கு அவள் போடுகிற கொக்கியை வேறு யாரும் போட மாட்டார்கள். திகதி அன்றைய திகதி. நேரம் 14.20. அதன் கீழே, ‘தாரணி, தாரணியின் அப்பா, நான்’ என்றிருந்தது. என் பெயரை அவள் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை.

“என்ன எழுதியிருக்கு?”

வாசித்தேன். தாரணி கற்பாறையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“அதுக்குக் கீழ?”

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன், மனதுக்குள். ‘மழை. இவர் மழைச்சட்டை கொண்டு வரவில்லை. பிள்ளை தன்னுடையதைக் கொடுத்தாள்.’

வெயில் முதுகைச் சுட்டது. அந்த வரியை வாசித்தால் நான் கட்டிச் சொல்வதாகத்தான் அவள் நினைப்பாள். அம்மாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைப்பாள். வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், சாட்சியும் நான் ஒருவன்.

“காலநிலையைப் பற்றி ஏதோ எழுதிக் கிடக்கு,” என்றேன். அது பொய்யும் இல்லை.

அவள் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாள். கொப்பியைப் பிடித்திருந்தது நான். படத்தில் நேரம் 13.52 என்று இருக்கிறது, இப்போதும் பார்க்கலாம். நோர்வே முழுக்கத் தமிழர் இருக்கிறார்கள், யாரோ ஒரு அம்மாவின் எழுத்தாக இருக்கும் என்று சொன்னேன். யாரை ஏமாற்றினேன் என்று தெரியவில்லை. அவளையா, என்னையா?

இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில் மலைக்குப் பின்னாலிருந்து முகில் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அங்கே அப்படித்தான் வரும் என்று பிறகு சொன்னார்கள். கொட்டியது. ஒதுங்க ஒரு மரம் இல்லை. நான் ஒரு பாறையோடு ஒட்டி நின்று நடுங்கினேன், அறுபது வயதுக்கு அந்தக் குளிர் எலும்பில் இறங்கியது. தாரணி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நின்றாள். திரும்பி ஏறி வந்தாள். தன் மழைச்சட்டையைக் கழற்றி என் தலைக்கு மேலே போட்டாள்.

“நீ நனையிறாய் பிள்ளை.”

“நனைஞ்சா நனையுது. பிடியுங்கோ!”

ஒரு சட்டைக்குக் கீழே இருவரும் குந்தி இருந்தோம். அவள் அழுதாளா, மழையா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அது எனக்குத் தெரியும். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இரண்டு இருபது.

ஊர் திரும்பிய பிறகு நான் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓல்போர்க்கிலிருந்து தாரணியின் போன் வந்தது. படத்தை அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் கௌரியின் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள்.

“அப்பா, சித்தி வாசிச்சுக் காட்டினவ. முழுக்க.” தமிழிலேயே கதைத்தாள், தட்டுத் தடுமாறி. “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா சட்டையைத் தந்திருப்பியோ?”

“தந்திருக்க மாட்டன்,” என்றாள். என் பிள்ளைதான், பொய் சொல்ல வராது. பிறகு, “வாற ஞாயிறு வீட்டை வாறன். ரைஸ் குக்கர் வேலை செய்யுதோ?”

“ஓம். அது மட்டும்தான் உருப்படியா வேலை செய்யுது.”

சிரித்தாள். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வந்து, கௌரியின் பட்டியலுக்குப் பக்கத்தில் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியதும் அவள்தான். ஒட்டிய பிறகு விரலால் ஒரு இடத்தைக் காட்டினாள். அதுவரை நான் கவனிக்கவில்லை.

படத்தில் வெயில் எரிக்கிறது. கொப்பியைப் பிடித்த என் பெருவிரலின் நிழல் தாளின் மேல் கத்தியால் வெட்டியது போல விழுந்திருக்கிறது. பின்னால் பாறை காய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் தாளில், அந்தக் கடைசி வரியில், ஐந்தாறு மழைத் துளி விழுந்திருக்கிறது. ‘கொடுத்தாள்’ என்ற சொல்லில் நீல மை கரைந்து கீழே வழிகிறது.

பெட்டி மூடியிருந்தது. நேரம் 13.52. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், அந்த மை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.