மாடிப்படியில் ஒரு ஆங்கில வகுப்பு

முத்தியால்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் போன வருஷம் நானே ஒரு சாகசக் கதை கட்டினேன். படகில் போன பிள்ளைகள் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கே ஒரு பூட்டிய வீடு, உள்ளே யாரோ நடக்கிற சத்தம். வெளியே நின்று அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும். "ஹூ ஆர் யூ?" "வாட் டூ யூ வாண்ட்?" உள்ளே இருப்பது யார் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடுமே.

வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் கூப்பிட்டால்கூட கையைத்தான் தூக்குவாள். ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அவளுடைய அம்மா, வீட்டில் தினமும் இங்கிலீஷ் பேசிப் பழகுகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பாளாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாளாம். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்பாளாம். எனக்கும் பெருமையாக இருந்தது. பார்க்கலாமே என்று அவர்களோடு நடந்தேன்.

அவர்கள் கீழே குடியிருந்தார்கள். மாடி, வீட்டுச் சொந்தக்காரர்களுடையது. பிரெஞ்சு ஆட்சி போனபோது பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். பெரியவர்கள் பிரான்சிலேயே காலமாகிவிட்டார்கள், பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை. படி முடிகிற இடத்தில் பச்சைக் கதவு. பூட்டு துருப்பிடித்திருந்தது.

அவள் பையை வைத்துவிட்டு நேராகப் படியேறி உட்கார்ந்தாள். நான் கீழேயே நின்றேன். வகுப்பில் ஒருநாளும் கேட்டிராத குரலில், "வேர் ஆர் யூ கோயிங்?" என்றாள். கதவைப் பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு, "நோ. ஐ ஆம் கோயிங்," என்று பொறுமையாகத் திருத்தினாள். நான் பிள்ளைகளைத் திருத்துகிற அதே தொனி.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன்.

"உள்ள ஒரு அம்மா இருக்காங்க மிஸ். அவங்களுக்கு பிரெஞ்சுதான் தெரியும். நான் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன்."

"என்ன கத்துக்கிட்டாங்க?"

"கம் இன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நாம் பேசுவதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கும்போது இருக்குமே, அந்த மாதிரி அமைதி. கீழே நின்ற அவள் அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. சாவி எங்களிடம் இல்லை மிஸ் என்று, நான் கேட்காமலே சொன்னார்.

மறுநாள் கதையை முடித்தேன். படகு கிளம்பிவிட்டது. "வி ஆர் கோயிங் ஹோம். குட்பை. டோண்ட் கம் வித் அஸ்." வகுப்பு முழுக்கச் சொல்ல வைத்தேன். வீட்டுக்குள் யார் இருந்தது என்று பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன். அந்தப் பெண்ணிடம் மட்டும், இன்றைக்கு இதைச் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடு என்றேன்.

காலையில் என் மேஜைக்கு வந்தாள்.

"சொல்லிட்டேன் மிஸ். அவங்க ஒண்ணும் பேசல. கதவுகிட்ட வந்து நின்னாங்க."

எப்படித் தெரியும் என்றேன்.

"கதவுக்கு அடியில வெளிச்சம் மறைஞ்சுடுச்சு."

அப்புறம் அவள் படியில் உட்காரவில்லை. பழக்கம் விட்டுப்போனதில் அவள் அம்மாவுக்கு நிம்மதிதான். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கருவடிக்குப்பத்துக்கு வீடு மாறினார்கள். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பில் சத்தமாகவே வாசிக்கிறாள். அந்த மாடியில் தனியாக விடப்பட்டது யார் என்றுதான் சில சமயம் மனசு அடித்துக்கொள்கிறது.