தீபத்தன்று சொன்ன நூறு புத்தகம்

பிரகாஷுக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை அவன் முழுதாகப் படித்து முடித்த புத்தகம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கைடு படித்தான். அதிலும் நட்சத்திரம் போட்ட கேள்விகளை மட்டும் படித்தான். அதற்குப் பிறகு அவன் படித்ததெல்லாம் செல்போன் உதிரி பாகங்களின் டப்பாவில் இருந்த எழுத்துதான்.

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அகலம் ஐந்தடி. அவன் திரும்பி உட்கார வேண்டுமென்றால் முதலில் டேபிள் ஃபேனைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் கடையில் கூட்டம் தாங்காது. பதினாலு கிலோமீட்டரும் செல்ஃபி எடுத்துக்கொண்டே மலையைச் சுற்றினால் போன் கீழே விழாமல் என்ன செய்யும்? அண்ணாமலையார் அருள்பாலித்தாரோ இல்லையோ, பிரகாஷுக்கு மாதம் ஒரு தடவை தவறாமல் டிஸ்ப்ளே உடைத்துக் கொடுத்தார்.

இப்படி நிம்மதியாக இருந்தவனைக் கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். பெண் பெயர் தமிழ்செல்வி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் பஸ்ஸில் போகும்போது ஒரு புத்தகத்தில் கொஞ்சம், வரும்போது மீதியில் கொஞ்சம் என்று படிக்கிறவள். தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நீங்க என்னா படிப்பீங்க?”

“எல்லாமே படிப்பேன்.”

“இப்ப எது ஓடுது?”

“இப்ப கொஞ்சம் கேப் விட்டிருக்கேன்.”

அவள் சிரித்தாள். பல்லைக் காட்டாத, உதட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற சிரிப்பு. பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் போகட்டும் என்று விட்ட சிரிப்பு. அதில் பிரகாஷ் விழுந்தான். இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

நடுவில் கார்த்திகை தீபம் வந்தது. பிரகாஷின் வீடும் வேங்கிக்கால்தான். மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி பளிச்சென்று தெரியும். தீபத்தன்று அந்த ஊரில் மொட்டை மாடி இருக்கிறவன் ராஜா. பிரகாஷின் அம்மா மணியம்மாள் சம்பந்தி வீட்டாரைத் தீபம் பார்க்கக் கூப்பிட்டாள். தமிழ்செல்வியும் அவள் அப்பா அப்பாதுரையும் வந்தார்கள். அப்பாதுரை வேர்க்கடலை போடுகிற விவசாயி. நாலு வார்த்தை பேசினால் அதில் ஒன்று ‘சாமி’யாக இருக்கும்.

சரியாக ஆறு மணிக்கு உச்சியில் தீபம் எரிந்தது. தெருவே ‘அரோகரா’ என்று கத்தியது. எல்லோரும் தலைக்கு மேல் கை தூக்கினார்கள். பிரகாஷும் தூக்கினான். பக்கத்தில் தமிழ்செல்வி நிற்கிறாள். பட்டாசு வெடிக்கிறது. எதையாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல அவனுக்கு ஒரு வேகம்.

“அடுத்த தீபத்துக்குள்ள நூறு புத்தகம் படிக்கிறேன்!” என்று கத்தினான்.

தமிழ்செல்விக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினான். கேட்டது. மணியம்மாளுக்கும் கேட்டது, அப்பாதுரைக்கும் கேட்டது.

தலைக்கு மேல் கை, எதிரே தீபம், வாயில் ஒரு எண்ணிக்கை, கூடவே ஒரு கெடு. திருவண்ணாமலையில் இது நாலும் சேர்ந்தால் அதற்கு வேண்டுதல் என்று பெயர். வெளியூர்க்காரன் யாராவது இதையே ஜனவரி ஒன்றாம் தேதி சொல்லியிருந்தால் பத்தாம் தேதி மறந்துவிட்டு நன்றாகத் தூங்கியிருப்பான்.

அப்பாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மாப்ள சாமி முன்னாடி சொல்லிட்டாரு.”

“ஆமாங்க சம்பந்தி,” என்றாள் மணியம்மாள். “வேண்டுதல் பாக்கி வெச்சுக்கிட்டு வீட்ல நல்ல காரியம் பண்ணக்கூடாது.”

“அம்மா, அது சும்மா சொன்னதும்மா!”

“சாமிகிட்ட சும்மாவாடா சொல்லுவாங்க? உங்கப்பா பன்னெண்டு பௌர்ணமி சுத்தறேன்னு வேண்டிக்கிட்டு ஒம்போதோட நிறுத்தினாரே, பத்தாவது பௌர்ணமிக்கு என்னா ஆச்சு?”

“குடிச்சுட்டு மொபட்டைக் கொண்டுபோய் சாக்கடையில விட்டாரு. அதுக்கும் சாமிக்கும் என்னா சம்பந்தம்?”

“அது ஏன் பௌர்ணமி அன்னிக்கு விட்டாரு? அமாவாசைக்கு விட்டிருக்கலாம் இல்ல?”

நூறு புத்தகம் முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று அங்கேயே, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, முடிவாகிவிட்டது. இறங்கும்போது தமிழ்செல்வி படிக்கட்டில் அவனிடம் மெதுவாகச் சொன்னாள்: “பத்துன்னு கத்தியிருக்கக் கூடாதா?”

பிரகாஷ் நூலகத்தில் சேர்ந்தான். முதல் புத்தகத்துக்கு இருபத்து மூன்று நாள் ஆனது. அறுபதாவது பக்கத்தில்தான் அண்ணன் யார், தம்பி யார் என்றே அவனுக்குப் பிடிபட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைக்கு வருகிறவர்கள் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாப்பா, கடையை மூடப் போறியா?” என்று கேட்டார்கள்.

படித்தால் மட்டும் போதாது, அம்மாவிடம் கணக்குக் காட்ட வேண்டும். மணியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவளுக்கு அரை நாள் ஆகும். அதனால் ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் அதன் கதையை அவன் சொல்ல வேண்டும். அவளுக்கு நேரம் கிடைப்பதோ கிரைண்டர் ஓடும்போதுதான். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பிரகாஷ் கத்திக் கத்திக் கதை சொன்னான். “அவ புருசனை விட்டுட்டு ஓடிட்டாம்மா!” என்று அவன் ஒரு நாள் கத்தியதில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை மாவுக் கிண்ணத்தோடு ஓடிவந்து, “யாரு? நம்ம தெருவா?” என்று கேட்டாள்.

பன்னிரண்டாவது புத்தகத்தில் அவனுக்கு ஒன்று நடந்தது. மூன்று மணிக்குத் தலை நிமிர்ந்தபோது சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. பசிக்கவும் இல்லை. ஏதோ கெட்ட காரியம் செய்து மாட்டிக்கொண்டவன் போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி படித்தான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரை முடிந்தபோது கணக்கு இருபத்து நாலு. அந்த வாரம் தமிழ்செல்வி போன் பண்ணினாள்.

“ராணிப்பேட்டையில இருந்து ஒரு இடம் வந்திருக்கு. கவர்மென்ட் வேலையாம்.”

“உங்கப்பா என்னா சொன்னாரு?”

“நல்ல இடம்னாரு. எங்க சித்திங்க எல்லாம், அந்த ரிப்பேர் கடைக்காரன் எந்தக் காலத்துல நூறு படிச்சு முடிக்கிறதுன்னு கேக்கறாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“ஆவணி வரைக்கும் பாக்கலாம்னேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாதுங்க.”

ஆவணிக்குள் எழுபத்தாறு புத்தகம். பிரகாஷ் போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். ஒன்றேகால் நாளுக்கு ஒன்று வந்தது. தூங்காமல் படித்தாலும் நடக்காது.

அப்புறம்தான் அவன் மூளை வேலை செய்தது. அம்மா எழுத்துக் கூட்டிச் சரிபார்க்கப் போவதில்லை. கேட்கத்தான் தெரியும். கதை புத்தகத்தில் இருந்துதான் வர வேண்டும் என்று என்ன இருக்கிறது? நூலகத்தில் அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுக்க ஆரம்பித்தான். அட்டையில் வீடு இருந்தால் சொத்துத் தகராறு. ரயில் இருந்தால் பிரிந்துபோன அண்ணன் தம்பி. உள்ளே ஒரு பக்கமும் திறக்கவில்லை. கிரைண்டர் ஓட ஓட, வாயில் வந்ததைக் கத்தினான்.

ஒரு புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிரகாஷ் அவளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்தான். சித்தி கொடுமைப்படுத்தினாள். குட்டியை விற்றுவிட்டார்கள். செண்பகம் அதைத் தேடிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினாள். மணியம்மாள் வியாபாரம் பார்க்கும் நேரத்தில் எழுந்துபோய்க் கிரைண்டரை நிறுத்தினாள். அப்படி அவள் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அந்தப் புத்தகத்தை மட்டும் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க விடவில்லை.

ஆனி முடிவதற்குள் நூறு ஆகிவிட்டது. நிஜமாகப் படித்தது, நடுவில் ஆசைக்குப் படித்த ஏழையும் சேர்த்து, முப்பத்தொன்று. மீதி அறுபத்தொன்பதும் அவன் கைச்சரக்கு. மணியம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். ஆடியில் கல்யாணப் பேச்சு வேண்டாம், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அப்பாதுரை சொல்லியனுப்பினார். ராணிப்பேட்டை திரும்பிப் போனது.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் தமிழ்செல்வி அலுவலகம் விட்டு வரும் வழியில் மணியம்மாளைப் பார்க்க வந்தாள். மணியம்மாள் அவளை உட்காரவைத்து, கூழ் கொடுத்து, செண்பகம் கதையை முதலிலிருந்து சொன்னாள். வெள்ளம் வந்தபோது மறுபடியும் அழுதாள். பிறகு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

தமிழ்செல்வி நாலு பக்கம் புரட்டினாள். பிரகாஷ் கதவோரம் நின்றான்.

“ரொம்ப சோகமான கதை அத்தை,” என்று சொல்லி மூடி வைத்தாள்.

பிரகாஷ் அவளோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனான். அங்கே போய் நின்றதும் கேட்டாள்: “ஆட்டுக்குக் கொட்டகை போடறது எப்படின்னு ஒரு அத்தியாயம் இருக்கு. குடல்புழுவுக்கு மருந்து குடுக்கறது எப்படின்னு ஒரு அத்தியாயம் இருக்கு. இதுல செண்பகம் எங்கங்க வர்றா?”

பிரகாஷ் உண்மையைச் சொன்னான். முப்பத்தொன்று என்றான். உன்னை ராணிப்பேட்டைக்கு அனுப்பப் பிடிக்கவில்லை என்றான்.

“அது புரியுது. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

“சொன்னா கல்யாணம் நின்னுடுமே.”

“சொல்லலைன்னா? நாளைக்கு நீங்க எங்க போயிட்டு வர்றேன்னு சொன்னாலும் நான் அட்டையை மட்டும் பாத்துட்டு நம்பணுமா?”

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை வெற்றிலை, பழம், தேதி குறித்த சீட்டு எல்லாம் தட்டில் வைத்து எடுத்து வந்தார். தட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று தமிழ்செல்வியும் கூட வந்திருந்தாள். தட்டு கை மாறுவதற்குள் பிரகாஷ் எழுந்து நின்றான். மனப்பாடம் செய்து வைத்த எல்லாம் மறந்துபோய், “முப்பத்தொண்ணுதான் படிச்சேன். மீதி நானா கட்டினது,” என்றான்.

முதலில் மணியம்மாளுக்குத்தான் வாய் வந்தது.

“அப்ப செண்பகம்?”

“நான் கட்டினதும்மா. அது ஆடு வளர்க்கற புத்தகம்.”

“வெள்ளத்துல போனது?”

“அதுவும்தான்.”

“அடப்பாவி! நான் ரெண்டு நாள் சோறு சாப்பிடலியேடா!”

அப்பாதுரை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சாமிகிட்டயே பொய் சொல்ற ஆளு. வேணாம் சம்பந்தியம்மா. நாங்க கெளம்பறோம்.”

“அப்பா, உக்காரு,” என்றாள் தமிழ்செல்வி. “தீபத்தன்னிக்குக் கோயில்ல யாரு வெளிய வந்தப்புறம் மலைமேல விளக்கேத்தறாங்க?”

“அர்த்தநாரீஸ்வரரு. அதுக்கென்னா இப்ப?”

“சாமியே பாதி ஆம்பளை, பாதி பொம்பளையா வந்து நின்னாத்தான் விளக்கு. அப்ப இவரு வேண்டுதல்ல மட்டும் பொண்டாட்டிக்குப் பங்கு கிடையாதா?” கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். “போன தீபத்துல இருந்து நான் படிச்சது நாப்பது. அவரு முப்பத்தொண்ணு. மொத்தம் எழுபத்தொண்ணு.”

“நீ இன்னும் பாதியே ஆகலியேம்மா! தாலி ஏறினாத்தான் பாதி.”

“அதைத்தான்பா நானும் சொல்றேன்.”

அப்பாதுரை உதவிக்கு மணியம்மாளைப் பார்த்தார். மணியம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தீபத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான். கல்யாணம் நடந்தால் பாக்கி இருபத்தொன்பது. நடக்காவிட்டால் அறுபத்தொன்பது. வேண்டுதல் முடியாமல் கல்யாணம் கூடாது என்று எட்டு மாதம் பிடித்த பிடி அவள் கண்ணெதிரே தலைகீழாகப் புரண்டது.

“சம்பந்தி, தட்டை வைங்க,” என்றாள். “இவனைத் தனியா விட்டா இன்னும் அறுபத்தொம்போது பொய்தான் சொல்லுவான். ஆவணி முடியறதுக்குள்ள ஒரு முகூர்த்தம் பாருங்க. தமிழு, நீ சீக்கிரம் வந்து சேரும்மா.”

அர்த்தநாரீஸ்வரரை எதிர்த்துப் பேச அப்பாதுரைக்குத் துணிவில்லை. தட்டை வைத்தார்.

மாலையில் பிரகாஷ் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனான். அப்பாதுரை முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். தமிழ்செல்வி ஜன்னலோரம் இருந்தாள்.

“இருபத்தொம்போதுல நீ இருபது எடுத்துக்கோ,” என்றான் பிரகாஷ். “நீ வேகமா படிப்ப.”

“ஆளுக்குப் பாதிங்க.”

“பதினாலரை வருது. அந்த அரையை யாரு படிக்கிறது?”

“முதல் பாதியை நீங்க படிங்க. கடைசிப் பாதி எனக்கு.” பஸ் உறுமியது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அதுவரைக்கும் என்னா நடந்ததுன்னு வந்து சொல்லணும். உள்ள இருக்கறதை!”