நவமணி சொல்லாமல் விட்டது

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நவமணி, கணவர் சுகுமாரனின் குறட்டை தாங்காமல்தான் ஆறு வருடமாகத் தனி அறையில் படுப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கல்யாண வீடுகளில் அந்தக் குறட்டையை நடித்தும் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். சுகுமாரனும் சிரிப்பார்.

உண்மை வேறு. ஒருநாள் தொழிற்சாலை பஸ்ஸில் அவள் கண்ணயர்ந்தபோது, பக்கத்தில் இருந்த ஷஹீதா தட்டி எழுப்பி, "அக்கா, வாய்க்குள்ள கல்லா அரைக்கிறீங்க?" என்று கேட்டாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கத்தில் தான் பல்லை நறநறவென்று கடிப்பது அன்றுதான் நவமணிக்குத் தெரிந்தது. அந்த வாரமே தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அதன்பின் தினமும் காலையில் தாடை வலிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். போன வருடம் முறுக்கைக் கடித்தபோது கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது. சுகுமாரன்தான் கிளினிக்குக் கூட்டிப் போனார்.

தேய்ந்திருந்த பற்களைப் பார்த்த பல் மருத்துவர் சாந்தினி, தூக்கத்தில் பல் கடிப்பதுண்டா என்று கேட்டார். தெரியாது, தனியாகத்தான் படுக்கிறேன், இவருடைய குறட்டை அப்படி என்றாள் நவமணி.

சுகுமாரன் சற்றுத் தயங்கினார்.

"கடிப்பாங்க டாக்டர். சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். வேலையில பிரஷர் கூடுனா ரொம்பவே கேக்கும்."

நவமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, பலருக்கும் இருப்பதுதான் என்றார் சாந்தினி. பல்லுக்கு அளவெடுத்து, இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தந்தார். அது கடிப்பதை நிறுத்தாது, பல்லைத்தான் காக்கும். பகலில் உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. சாயங்காலத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் காரில் நவமணி கேட்டாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ மறைக்கணும்னு நெனச்ச. குறட்டையும் நான் விடுறதுதானே."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் தங்கை மோகனாவுக்கு போன் செய்து, எல்லாவற்றையும் சொன்னாள். "அப்ப மாமாவப் பாத்து இத்தன வருஷமா நாம சிரிச்சதெல்லாம்?" என்றாள் மோகனா.

இப்போது தாடை வலி பாதி குறைந்திருக்கிறது. சுகுமாரன் படுக்கும் பழைய அறைக்கே திரும்பிவிட்டாள். காலையில் உறையைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், நேற்று சத்தம் இருந்ததா என்று கேட்பாள். கொஞ்சந்தான் என்பார் அவர்.